பதினேழாவது வாக்கியம்

கல்யாணப் பந்தியில் இன்னொரு கரண்டி சாம்பார் கேட்கக் கூச்சப்பட்டு, வெறுஞ்சோற்றை விழுங்கிவிட்டு எழுந்தவள் நான். அப்படிப்பட்டவள் ஒரு பஸ் முழுக்கக் கேட்கும்படி இங்கிலீஷில் கத்தினேன் என்றால் நீங்கள் நம்ப வேண்டியதில்லை. கீரமங்கலத்தில் விசாரித்துக்கொள்ளலாம்.

நான் படித்தது ஐந்தாம் வகுப்பு. என் மருமகள் செல்வி பத்தாம் வகுப்பு வரை வந்து, இங்கிலீஷில் மட்டும் இரண்டு முறை தவறியவள். எங்கள் ஊர் அங்கன்வாடியில் ஒரு வேலை காலியாக இருந்தது. அதற்குப் பத்தாவது தேறியிருக்க வேண்டும். அந்த வருடத்தோடு அவளுக்கு வயது வரம்பும் முடிகிறது. ஆக, மூன்றாவது தடவைதான் கடைசித் தடவை.

சாயங்காலம் நான் பூக் கட்டுவேன். அவள் பக்கத்தில் உட்கார்ந்து கைடைச் சத்தம் போட்டுப் படிப்பாள். ஆக்டிவ் வாய்ஸ், பாசிவ் வாய்ஸ் என்று முப்பது வாக்கியம். "ராணி சிங்ஸ் எ சாங். எ சாங் இஸ் சங் பை ராணி." பாடியவள் பின்னால் போவாள், பாட்டு முன்னால் வரும். எதற்கு இந்த இடமாற்றம் என்று எனக்கு இன்றுவரை தெரியாது. (அவளுக்கும் அப்போது தெரியாது.) ஆனால் இரண்டு மாதத்தில் முப்பதும் எனக்கு மனப்பாடம். வெளியே சொல்லவில்லை. ஊர் சிரிக்குமே.

பரீட்சையன்று துணைக்குப் போனேன். பஸ் ஆலங்குடி தாண்டிப் புதுக்கோட்டையை நெருங்கியதும் செல்வி அழ ஆரம்பித்தாள்.

"அத்தை, எல்லாம் மறந்துபோச்சு. போலீஸ் திருடனப் புடிச்சதுக்குப் பாசிவ் வரமாட்டேங்குது. நான் எறங்கி வீட்டுக்குப் போறேன்."

"இருத்தா. எனக்குத் தெரியும்."

தெரியும்தான். ஆனால் அது பதினேழாவது வாக்கியம். எனக்கு முதலிலிருந்து சொன்னால்தான் வரும். முணுமுணுத்துப் பார்த்தேன், பஸ்ஸில் போட்டிருந்த பாட்டுச் சத்தத்தில் நாலாவதோடு அறுந்தது. வேறு வழியில்லாமல் கண்ணை இறுக மூடிக்கொண்டு, குரலை உயர்த்தி, ராணியிடமிருந்து மறுபடி ஆரம்பித்தேன். நடுவில் யாரோ பாட்டை நிறுத்தினார்கள். நான் நிறுத்தவில்லை. பதினேழு வந்தது: "தி தீஃப் வாஸ் காட் பை தி போலீஸ்." அதோடு வாயை மூடியிருக்கலாம். இறக்கத்தில் ஓடுகிற மாட்டு வண்டி நிற்குமா? முப்பதையும் முடித்துவிட்டுத்தான் கண்ணைத் திறந்தேன்.

பஸ் மொத்தமும் என்னைப் பார்த்துக்கொண்டிருந்தது. வழியில் இறங்க வேண்டியவர்கள் யாரும் இறங்கவில்லை. நாங்கள் இறங்க வேண்டிய பள்ளிக்கூட ஸ்டாப்பும் போய், புதுக்கோட்டை பஸ் ஸ்டாண்டே வந்திருந்தது. பரீட்சைக்குக் கால் மணி நேரம்தான் இருந்தது.

"ஒங்களக் கேட்டுக்கிட்டே விசிலடிக்க மறந்துட்டேன் ஆத்தா" என்றார் கண்டக்டர்.

"நீங்க மறந்துட்டா எம் மருமக பரீட்சை என்னாகுறது? வண்டி புடிச்சுக் குடுங்க." (இதைச் சொன்னதும் நான்தான்.)

அவரே இறங்கி ஓடி ஒரு ஆட்டோவை மறித்தார். ஆட்டோவில் செல்வி அழவில்லை. சிரித்துக்கொண்டே முப்பதையும் ஒருமுறை சொன்னாள். கேட்டைச் சாத்தும் நேரத்தில் உள்ளே நுழைந்தாள்.

இங்கிலீஷில் நாற்பத்தொன்று வாங்கித் தேறிவிட்டாள். வேலையும் கிடைத்தது.

இப்போது வீட்டில் யாரும் என்னிடம் எதையும் நேராகக் கேட்பதில்லை. "ஏம்மா, பீரோ சாவிய எங்க வச்சீங்க? மொதல்லேருந்து ஆரம்பிக்காம சொல்லுங்க" என்பான் என் மகன்.

செல்வி விடமாட்டாள். "நீங்க சும்மா இருங்க. அத்தை மொதல்லேருந்தே சொல்லட்டும். அப்புடிச் சொல்லித்தான் நான் பாஸானேன்."