வெர்லின் ஹாகனின் சிக்கனத் துப்பாக்கி

கடைக்குப் போய், விலை கேட்டு, பணத்தைக் கொடுத்து, துப்பாக்கியை வாங்கிக்கொண்டு வீடு திரும்புகிற மனிதரைப் பற்றி நமக்கு ஒரு பேச்சும் இல்லை. அவர் நல்லவர். அவரால் யாருக்கும் தொல்லை கிடையாது. நாம் பார்க்கப்போவது வேறோர் இனம். இந்த இனம் துப்பாக்கியை வாங்காது, சேர்க்கும். குழல் ஓர் ஊரிலிருந்து, தோளில் அணைக்கும் கட்டை இன்னோர் ஊரிலிருந்து, விசை ஏலத்திலிருந்து, திருகாணி தபாலில் என்று காக்கை கூடு கட்டுவதுபோலக் குச்சி குச்சியாகக் கொண்டுவந்து சேர்க்கும். முழுசாக வாங்கினால் என்னவாம்? கேட்டுப் பாருங்கள். உங்களை ஒரு பரிதாபப் பார்வை பார்த்துவிட்டு, "அதெல்லாம் பணம் வெச்சிருக்கிறவங்க செய்யுற வேலை" என்று சொல்லும்.

அமெரிக்காவின் மொன்டானாவில் எங்கள் ப்ளம் க்ரீக் ஊரில் இந்த இனத்துக்கு வெர்லின் ஹாகனைவிடத் தேர்ந்த உதாரணம் கிடையாது. வயது ஐம்பத்து மூன்று. பண்ணை பண்ணையாகப் போய் வீட்டுத் தொட்டிகளில் எரிவாயு நிரப்பும் லாரியை ஓட்டுகிறார். மனைவி மார்லிஸ் பள்ளிக்கூடத்தில் சமையல். இருபது வருடமாக வெர்லின் வேட்டைக்குப் போனதெல்லாம் மார்லிஸின் அண்ணன் ஆர்னியின் பழைய துப்பாக்கியை இரவல் வாங்கித்தான். கொடுப்பதில் ஆர்னிக்குக் கஞ்சத்தனம் இல்லை. கொடுத்ததைச் சொல்லிக்காட்டுவதிலும் இல்லை. வெர்லின் வீட்டில் மான்கறி பரிமாறினால், ஒரு துண்டை முள்கரண்டியில் தூக்கிப் பார்த்து, "நம்ம துப்பாக்கி நல்லாத்தான் சுட்டிருக்கு" என்பார். இப்படி இருபது வருடம் சாப்பிட்டால் கறி யாருக்கு இறங்கும்?

ஜனவரி மாதம் ஒரு நாள் காலைச் சாப்பாட்டின்போது வெர்லின் அறிவித்தார்.

"மார்லிஸ், நானே ஒரு துப்பாக்கி சேர்க்கப்போறேன். ஐந்நூறு அறுநூறு கஜம் போய் அடிக்கிற மாதிரி."

"எவ்வளவு ஆகும்?"

"ஆயிரம் டாலர். அதுக்கு மேல ஒரு காசு கிடையாது."

"நிஜமாவா?"

"என்னைப் பத்தி உனக்குத் தெரியாதா?"

"தெரிஞ்சதாலதான் கேக்குறேன்."

அந்த வாரமே பில்லிங்ஸ் நகரத்து அடகுக்கடை ஒன்றிலிருந்து, கட்டை விரிசல் விட்ட பழைய துப்பாக்கி ஒன்று வந்து இறங்கியது. முந்நூறு டாலர். "பாதித் துப்பாக்கி இப்பவே வந்தாச்சு!" என்று வெர்லின் ஆனந்தக் கூத்தாடினார். வந்த பாதியில் அவருக்கு வேண்டியது தோட்டாவை ஏற்றிப் பூட்டும் ஒரு சாண் நீள இரும்புதான் என்பது பிறகு தெரிந்தது. குழல் கூடாது, அதன் உட்புறத்து முறுக்குவரி நீளமான குண்டுக்குப் போதாது. கட்டை கூடாது, அது ஏற்கெனவே விரிசல். விசை கூடாது, அது கதவுத் தாழ்ப்பாள் மாதிரி இழுத்தது.

யார் இதையெல்லாம் அவருக்குச் சொன்னது? இணையத்தில் முகம் காட்டாத குருமார்கள். அவர்களில் 'காற்றறிந்தவன்' என்ற பெயரில் எழுதிய ஒருவரை வெர்லின் குலதெய்வம்போல நம்பினார். மலைக்காற்றைப் பற்றி அப்படி ஒரு ஞானம்! அந்த மகான் புளோரிடாவில் அடுக்குமாடி ஒன்றின் நாலாவது மாடியில் குடியிருக்கிறார் என்பதும், அவர் ஏறிய ஒரே உயரம் அந்த நாலு மாடிதான் என்பதும் மிகவும் பிந்தித்தான் தெரியவந்தது.

இந்த இனத்தை அடையாளம் கண்டுகொள்ள ஒரு வாக்கியம் போதும்: "மத்ததுல எல்லாம் மிச்சம் பிடிக்கலாம், இதுல மட்டும் கூடாது." குழல் வாங்கும்போது 'இது' என்றால் குழல். குறிபார்க்கும் தொலைநோக்கியான ஸ்கோப் வாங்கும்போது 'இது' என்றால் ஸ்கோப். ஸ்கோப்பைப் பிடித்துக்கொள்ளும் வளையங்கள், வளையங்களை இறுக்கும் திருப்புளி, திருப்புளி எவ்வளவு இறுக்குகிறது என்று காட்டும் மானி, துப்பாக்கி சாய்ந்திருக்கிறதா என்று பார்க்க ஒரு ரசமட்டம், அந்த ரசமட்டம் சரியா என்று பார்க்க இன்னொரு ரசமட்டம், முன்னால் ஊன்ற இரண்டு கால், பின்னால் முட்டுக்கொடுக்க மணல்மூட்டை, தூரம் அளக்க ஒரு கருவி, காற்றை அளக்க ஒரு மானி என்று வாங்கிக்கொண்டே போனார். ஒவ்வொன்றும் வாங்கும் நாளன்று 'இது' ஆனது. 'மத்தது' எது என்று கடைசிவரை யாருக்கும் தெரியவில்லை.

ஆயிரம் டாலர் என்ன ஆயிற்று? அது அப்படியேதான் இருந்தது! திருப்புளி துப்பாக்கியா? இல்லை, அது கருவி; வீட்டுக்கே உபயோகப்படும். தோட்டா துப்பாக்கியா? இல்லை, அது மளிகை மாதிரி. தீரத் தீர வாங்குவது. ஸ்கோப்? அது கண்ணாடி. "கண்ணாடியைப் போய் துப்பாக்கிக் கணக்குல சேர்ப்பாங்களா?" என்று மார்லிஸிடமே கேட்டார். நூற்றிருபது பிள்ளைகளுக்குத் தினம் அளந்து சமைக்கிறவர் அந்த அம்மாள். உருளைக்கிழங்கைக் கொஞ்சம் வேகமாகச் சீவினார்.

தூரம் அளக்கும் கருவி வந்த பிறகு மனிதர் வேறு ஆளாகிவிட்டார். தேவாலயக் கோபுரம், தபால் பெட்டி, அடுத்த வீட்டு நாய் என்று கண்ணில் பட்டதையெல்லாம் அளந்தார். துணி உலர்த்திக்கொண்டிருந்த மனைவியையும் விடவில்லை.

"மார்லிஸ், நீ முப்பத்தேழு கஜத்துல இருக்கே!"

"ராத்திரிச் சாப்பாடு அதைவிடத் தூரத்துல இருக்கு."

ஜூலையில் துப்பாக்கி ஒரு வழியாக ஒன்றாகச் சேர்ந்தது. ஒரு பண்ணையின் பின்புறத்து மேய்ச்சல் நிலத்தில் காகிதத்தை நட்டுவைத்துச் சுட்டுப் பார்த்தார். மூன்று துளைகள் ஒன்றையொன்று தொட்டுக்கொண்டு, ஒரு நாணயத்தால் மூடிவிடலாம்போல விழுந்தன. அந்தக் காகிதத்தை நாலாக மடித்துப் பர்சில் வைத்துக்கொண்டு, எரிவாயு நிரப்பப் போன வீட்டிலெல்லாம் காட்டினார். பேரப்பிள்ளையின் படத்தைக் காட்டுகிறவர்கூட அவ்வளவு பெருமையாகக் காட்டமாட்டார். மடிப்புக்குப் பின்னால் நான்காவது துளையும் ஐந்தாவது துளையும் இருந்தன. அந்தப் பக்கத்தை அவர் பிரிக்கவில்லை.

ஆகஸ்டில் அதிசயம் நடந்தது. ஏழு வருடமாக எழுதிப் போட்டும் கிடைக்காத கவைக்கொம்பு மானுக்கான அனுமதிச் சீட்டு, குலுக்கலில் வெர்லின் பெயருக்கு விழுந்தது. ஒரு மான், ஒரே ஒரு பருவம். தவறவிட்டால் மறுபடி எத்தனை வருடமோ. ஞாயிற்றுக்கிழமை தேவாலயத்தில் காப்பி குடிக்கும்போது ஆர்னி துப்பாக்கியைப் பார்க்க வேண்டும் என்றார். வெர்லின் வண்டியிலிருந்து எடுத்து நீட்டினார். ஆர்னி வாங்கிய கை ஒரு முழம் கீழே இறங்கியது.

"எத்தனை கிலோ மாப்ளே?"

"ஆறரை."

"அப்ப மானைத் தூக்க ஒரு ஆளு, இதைத் தூக்க ரெண்டு ஆளு வேணும். பேசாம என்னோடதை எடுத்துக்கிட்டுப் போ. தூசி தட்டித் தர்றேன்."

"வேண்டாம் மச்சான். ஐந்நூறு கஜத்துக்கு உன்னோடது எட்டாது."

"நீ எட்டுவியா?"

சுற்றி நின்றவர்கள் சிரித்தார்கள். வெர்லினும் சிரித்தார். ஆனால் அன்று இரண்டாவது கப் காப்பியை அவர் தொடவில்லை.

அக்டோபர் இரண்டாம் சனிக்கிழமை, விடிந்து ஒரு மணி நேரம். கேலியெல்லாம் இருக்கட்டும், மார்லிஸும் கூடவே வந்தார். மேட்டின் மேல் சாமான்களைப் பரப்பி, தூரத்துக் குன்றுகளைப் பார்ப்பதற்காக ஸ்கோப்பை இருபத்தைந்து மடங்குக்குத் திருகிவைத்து, பிளாஸ்கைத் திறந்தார்கள். காப்பியை ஊற்றுவதற்குள் பின்பக்கத்துப் பள்ளத்திலிருந்து ஏறி வந்தது கிடா. கன்னத்தில் கறுப்புப் பட்டை, கவைத்த கொம்பு. இந்த மானுக்கு ஓட்டம் எவ்வளவோ அவ்வளவு வேடிக்கை பார்க்கிற புத்தியும் உண்டு. நாற்பது கஜத்தில் நின்று இவர்களை வேடிக்கை பார்த்தது.

வெர்லின் படுத்தபடி திரும்பி ஸ்கோப்பில் கண்ணை வைத்தார். கலங்கலாக ரோமம் தெரிந்தது. ரோமம் மட்டும்தான் தெரிந்தது.

"சுடு," என்று மார்லிஸ் கிசுகிசுத்தார்.

"இது முன்பக்கமா, பின்பக்கமா?"

"என்னது?"

"ஒரே முடியா இருக்கு. எங்கே இருக்கேன்னு தெரியலை!"

"தலையைத் திருப்பி உன்னைத்தான் பாத்துக்கிட்டு நிக்குது!"

தடித்த கையுறையோடு, ஸ்கோப்பின் மடங்கைக் குறைக்கும் வளையத்தைத் திருகினார். குளிரில் அது இறுகிப்போயிருந்தது. கையுறையைப் பல்லால் கடித்து இழுத்து, மறுபடி திருகி, ஸ்கோப்பில் பார்த்தபோது புல்வெளி பளிங்குபோலத் தெளிவாகத் தெரிந்தது. மான்தான் இல்லை.

அது நின்றது ஐந்நூற்று இருபது கஜத்தில், எதிர்ச் சரிவில். ஒன்பது மாதம் கனவு கண்ட தூரம்! வெர்லின் துப்பாக்கியின் காலை ஊன்றினார், மூட்டையை முட்டுக்கொடுத்தார், ரசமட்டத்தைப் பார்த்தார், குண்டு எங்கே விழும் என்று கணக்குப் போட்டுச் சொல்லும் போனைத் தட்டினார். காற்று எவ்வளவு என்று போன் கேட்டது. மணிக்குப் பதினைந்து மைல் என்று போட்டால் குண்டு நெஞ்சில் விழும் என்றது. இருபத்தைந்து என்று போட்டால் வயிற்றில் என்றது. அவர் பக்கத்தில் புல் தரையோடு படுத்துக்கிடந்தது. நடுப்பள்ளத்தில் அசையாமல் நின்றது. எதை நம்புவது? பல வருடம் முன்பு, வயிற்றில் குண்டு வாங்கிய மான் ஒன்றை இரண்டு நாள் ரத்தச் சொட்டைப் பின்தொடர்ந்து தேடியிருக்கிறார். கிடைக்கவில்லை. அதை அவர் எந்த வீட்டிலும் சொன்னதில்லை.

விசையிலிருந்து விரலை எடுத்தார்.

"நான் கிட்டப் போறேன்."

"தூரத்துக்குன்னுதானே இதைச் செஞ்சே?"

"துப்பாக்கிக்குத் தூரம் எட்டும் மார்லிஸ். எனக்கு எட்டாது."

பள்ளத்து ஓரமாகத் தவழ ஆரம்பித்தார். இருபது கஜத்தில் முதுகுப்பை இடித்தது, கழற்றிப் போட்டார். இன்னும் கொஞ்சம் போனதும் மணல்மூட்டை. பிறகு தூரம் அளக்கும் கருவி, கழுத்தில் மாட்டிய காற்றுமானி. துப்பாக்கியின் இரண்டு காலும் செடியில் சிக்கிக்கொண்டதும் அவற்றையும் கழற்றிவிட்டார். அவர் உதிர்த்ததையெல்லாம் பொறுக்கிக் கோட்டுக்குள் திணித்துக்கொண்டு, பின்னாலேயே மார்லிஸ் தவழ்ந்து வந்தார். தரையெல்லாம் சப்பாத்திக்கள்ளி. முழங்கையில் ஏறிய முள்ளுக்கு இருவரும் பல்லைக் கடித்தார்களே தவிர வாயைத் திறக்கவில்லை. ஒரு மணி நேரத்துக்கு மேல் ஆயிற்று. காய்ந்த சாணத்தின் மேல் மார்பை வைத்து அவர் தலையைத் தூக்கியபோது, கிடா பக்கவாட்டில் நின்று மேய்ந்துகொண்டிருந்தது. நூற்றறுபது கஜம். கருவி இல்லாமலே தெரிந்தது.

ஒரே குண்டு. மான் நாலடி ஓடி விழுந்தது.

வெர்லின் எழுந்திருக்கவில்லை. மார்லிஸ் பக்கத்தில் வந்து உட்கார்ந்து அவர் தோளில் கை வைத்தார்.

"நல்லா சுட்டே." கோட்டுக்குள் இருந்ததையெல்லாம் எடுத்து அவர் முன்னால் கொட்டினார்: "இந்தச் சாமானையெல்லாம் இனிமே நீயே தூக்கிக்கோ."

திங்கட்கிழமை, ஊர் உணவகம். ஆர்னி எதிரே உட்கார்ந்திருந்தார். அக்கம்பக்கத்து மேஜைகளில் காப்பிக் கோப்பைகள் அந்தரத்தில் நின்றன.

"எவ்வளவு தூரம் மாப்ளே?"

"ஐந்நூத்து இருபது கஜத்துல..." வெர்லின் பக்கத்தில் பார்த்தார். மார்லிஸ் தட்டிலிருந்த ஆப்பிள் பலகாரத்தை அமைதியாக வெட்டிக்கொண்டிருந்தார். "...இருந்துச்சு. சுட்டது நூத்தறுபதுல."

"நூத்தறுபதா! அதுக்கு என்னோடதே போதுமே?"

"போதும்தான் மச்சான். ஆனா அது உன்னோடது."

ஆர்னி சர்க்கரைக் கிண்ணத்தை வெர்லின் பக்கம் நகர்த்திவைத்தார். அந்த வாரம் ஹாகன் வீட்டில் சாப்பிட வந்தவர், தட்டில் விழுந்த கறியை முள்கரண்டியில் தூக்கிப் பார்க்காமலே சாப்பிட்டார்.

இத்தோடு மனிதர் திருந்தினார் என்று எழுதி முடிக்க ஆசைதான். கிறிஸ்துமஸ் முடிந்த மறுநாளே வெர்லின் ஆரம்பித்துவிட்டார். மலைமேல் எல்க் மான் வேட்டைக்கு ஆறரைக் கிலோ ஆகாதாம். லேசாக இன்னொன்று வேண்டுமாம். கையிலிருக்கும் அனுபவத்தை வைத்துப் பாதி விலையில் சேர்த்துவிடலாமாம்.

"செய்யேன்," என்றார் மார்லிஸ். "நானும் சமையலறையை அதே மாதிரி கொஞ்சம் கொஞ்சமாச் சேர்க்கலாம்னு இருக்கேன். முதல்ல ஒரு அடுப்பு."

அடகுக்கடையில் துப்பாக்கி தேடியவருக்கு, அடுப்பையும் அங்கேயே தேடு என்று சொல்ல நாக்கு எழவில்லை.

நீங்கள் சிரிக்கிறீர்கள். உங்களுக்கும் துப்பாக்கிக்கும் ஸ்நானப் பிராப்திகூடக் கிடையாது; உண்மைதான். அப்படியானால் பரணில் இருக்கும் அந்த அட்டைப்பெட்டி எதற்கு? காமிராவா, தையல் மெஷினா, மொட்டைமாடித் தோட்டத்துக்குச் சொட்டுநீர்க் குழாயா? நமக்கெதற்கு அது? நாளைக் காலை வீட்டில் யாராவது, "அதை எப்பப் பிரிக்கப்போறே?" என்று கேட்பார்கள். "இன்னும் ஒரே ஒரு சாமான் மட்டும் வரணும்" என்று சொல்லாமல் ஒரு பதில் சொல்லிப் பாருங்கள், பார்க்கலாம்.