தலைகீழாய் நின்ற மண்ணெண்ணெய் பிரிட்ஜ்

பாலமுனை,
14.08.1981

கொழும்பில் இருக்கும் அன்பு மச்சான் பதியுதீனுக்கு, உங்கள் ராத்தா ஹாஜறாவின் கணவன் கச்சிமுகம்மது ஸலாத்துடன் எழுதிக்கொள்வது. அல்லாஹ்வின் கிருபையால் இங்கு எல்லோரும் சுகம், என் தாடியைத் தவிர. அங்கு உங்கள் சுகத்தையும் அறிய ஆவல்.

தாடியில் இடப்பக்கம் இப்போது இல்லை. நீங்கள் அனுப்பிய மண்ணெண்ணெய் பிரிட்ஜின் அடியில் சுடர் நீலமாக எரிகிறதா என்று அடிக்கடி குனிந்து பார்க்கச் சொல்லி எழுதியிருந்தீர்கள். எவ்வளவு தூரத்தில் நின்று பார்ப்பது என்று எழுதவில்லை. போன ஜும்ஆவுக்குச் சால்வையால் தாடையைச் சுற்றிக்கொண்டு போனேன். "பல்லுக் குத்தா காக்கா?" என்று கதீப் கேட்டார். ஓம் என்றேன். பள்ளிவாசலில் பொய் சொன்னதற்குக் கூலி உடனே கிடைத்தது. வெளியே வருவதற்குள் மூன்று பேர் கராம்பு தந்தார்கள். அவர்கள் பார்க்கும் இடமெல்லாம் நான் அதைக் கடித்துக்கொண்டு திரிய வேண்டியிருக்கிறது.

நீங்கள் நல்லதுக்குத்தான் செய்தீர்கள். உங்கள் ராத்தாவின் சீனி வருத்தத்துக்கான இன்சுலின் ஊசி மருந்தைக் குளிரில் வைக்க வேண்டும் என்று டொக்டர் சொன்னதும், ஈரமணல் நிரப்பிய மண்முட்டிக்குள் போத்தலைப் புதைத்து வைத்தும் சித்திரை வெயிலில் மருந்து கெட்டு அவள் கிணற்றடியில் மயங்கி விழுந்ததும், கரண்ட் கம்பி வராத எங்கள் தெருவுக்கு ஏதாவது வழி பாருங்கள் என்று நான் உங்களுக்கு அழுது எழுதியதும், மலைநாட்டில் எந்தத் துரையோ விட்டுப்போன பங்களாவில் இருந்து நீங்கள் இந்த அலுமாரியைத் தேடிப் பிடித்து லொறியில் ஏற்றிவிட்டதும் நான் மறக்கிற விஷயம் அல்ல. ஆனால் ஊருக்கு என்ன சொல்வது? மகள் ஸுல்பிகாவுக்குச் சம்பந்தம் பேசுகிற நேரம். உம்மாவுக்குச் சீனி என்றால் மகளுக்கும் வரும் என்று மாப்பிள்ளை வீட்டார் பின்வாங்கிவிடுவார்கள் என்று ஹாஜறாவுக்குப் பயம். "மருந்துக்கெண்டு ஒருத்தருக்கிட்டயும் செல்லிராதீங்க" என்று சத்தியம் வாங்கிவிட்டாள். ஆகவே, மகளின் சீதன வீட்டுக்கு வந்த சாமான் என்று சொல்லி வைத்தேன்.

அடியில் நெருப்பு, மேலே ஐஸ் என்றால் ஊர் நம்புமா? எட்டாம் வகுப்புப் படிப்பை வைத்துக்கொண்டு, எனக்கே விளங்காததை வந்தவர் போனவருக்கெல்லாம் விளக்கினேன். "இவரு கதைச்சுக் கதைச்சுத்தான் அது ஆறுது" என்று ஹாஜறா குசினிக்குள் இருந்து சொன்னாள். அடுத்தது மட்டம். எங்கள் வீட்டுத் தரை கடலைப் பார்த்துச் சரிவு. பிரிட்ஜின் மேல் தண்ணீர்க் கோப்பையை வைத்து, ஒரு காலுக்குப் பலகைத் துண்டும் மறுகாலுக்கு ஸுல்பிகாவின் பழைய சிலேட்டும் கொடுத்து ஒருவழியாக மட்டமாக்கினேன். அன்றிலிருந்து வீட்டில் மற்றதெல்லாம் சரிந்து தெரிகிறது. பத்து நாள் நன்றாகக் குளிர்ந்தது. பதினோராம் நாள் உள்ளே வைத்த தண்ணீர் சுட்டது.

கல்முனையில் பெட்றோமக்ஸ் திருத்துகிற கனகசபாபதியைக் கூட்டிவந்தேன். தட்டிப் பார்த்தார், முகர்ந்து பார்த்தார். "காக்கா, குழாய்க்குள்ள ஓடுற மருந்து ஒரு இடத்துல கட்டிக்கிட்டு நிக்கிது. விளக்க அணைச்சுப்போட்டு ஒரு முழுநாள் தலைகீழா நிப்பாட்டுங்க. மறுகா நிமித்தி, ஒரு நாள் சும்மா விட்டுப் பத்தவையுங்க."

"இதுக்குப் பேர் திருத்துறதா தம்பி?"

"ஆடாம பேசாம நிக்க விடுறதுதான் காக்கா பாதித் திருத்தம். எல்லாரும் ஒங்களப்போல குனிஞ்சு பாத்துக்கிட்டே இரிக்கிறதால வாற பழுதுதான் கூட."

நாலு பேர் பிடித்துக் கவிழ்த்தோம். மருந்துப் போத்தல் பழையபடி குசினியில் மணல் முட்டிக்குப் போனது. அன்று அஸருக்குப் பிறகுதான், சொல்லாமல் கொள்ளாமல், மாப்பிள்ளையின் உம்மா சபூறா சீதனத்தைப் பார்க்க வந்தார். பின்தெருதான் அவர்கள் வீடு.

"என்ன காக்கா, இது தலைகீழா நிக்கிது?"

"களைப்பாறுது மதினி."

"கலியாணத்துக்குப் பொறகும் இப்பிடித்தான் நிக்குமா?"

"அப்ப அது நேரா நிக்கும். நாந்தான் தலைகீழா நிப்பன்."

யாரும் சிரிக்கவில்லை. கதவைத் திறந்தார், உள்ளே இருந்த தட்டு அவர் காலில் விழுந்தது. தண்ணீர் குடிக்கவென்று குசினிக்குப் போனவர், தண்ணீர்ப் பானை என்று நினைத்து மணல் முட்டியின் மூடியைத் தூக்கியிருக்கிறார். போத்தலைக் கையில் எடுத்து, எழுத்தைப் பார்த்து, இருந்தபடியே புதைத்து வைத்தாராம். ஹாஜறா பக்கத்தில் நின்று பார்த்திருக்கிறாள். திரும்பி வந்து உட்கார்ந்து தேத்தண்ணியில் ஒரு வாய் குடித்துக் கோப்பையைக் கீழே வைத்தார். ஹாஜறா இனிப்பு அள்ளிப் போட்டு அவித்த வட்டிலப்பத்தைத் தொடவே இல்லை. "வாறன்" என்று மட்டும் சொல்லிப் போய்விட்டார்.

சம்பந்தம் அத்தோடு முடிந்தது மச்சான். "என்ட வருத்தத்தால என்ட புள்ளைட வாழ்க்கை போச்சே" என்று ஹாஜறா சுவரைப் பார்த்துப் படுத்திருக்கிறாள். நேற்றிலிருந்து ஊசியும் போடவில்லை. கெஞ்சினேன், ஏசினேன், கடைசியில் ஊசியை எனக்கே குத்திக்கொள்வேன் என்றும் சொன்னேன். "குத்துங்க" என்றாள். பிரிட்ஜை நிமிர்த்தியாகிவிட்டது, பற்றவைக்க மனமில்லை. தயவுசெய்து அடுத்த லொறியில் ஆளை அனுப்பி இதை எடுத்துப்போங்கள். எனக்கு இனி ஏலாது.

மச்சிக்கும் பிள்ளைகளுக்கும் எங்கள் ஸலாம். அல்லாஹ் உங்களுக்கு நீண்ட ஆயுளையும், நெருப்பு இல்லாத சாமான்களையும் தருவானாக.

இப்படிக்கு,
மச்சான் கச்சிமுகம்மது

பின்குறிப்பு: ஒட்டிய கடிதத்தைப் பிரித்து எழுதுகிறேன். லொறி வேண்டாம். இன்று விடிந்ததும் சபூறா மதினி பின்வேலிக் கடப்பால் தனியே வந்தார். முந்தானை முடிச்சை அவிழ்த்தார். உள்ளே எங்களுடையதைப் போலவே ஒரு போத்தல்.

"தங்கச்சி, என்டதயும் ஒங்கட பொட்டிக்குள்ள வெப்பமா? மூணு வருசமா கிணத்துக்குள்ள கயித்துல தொங்குது. ஒங்களுக்குத் தெரிஞ்சா, மகனுக்கும் வரும் எண்டு பயந்து பொண் தரமாட்டீங்களோ எண்டு வாயத் தொறக்கல்ல. அண்டைக்குத் தேத்தண்ணியில நீங்க போட்ட சீனிக்கு நான் வீடு போய்ச் சேந்ததே பெரிசி."

இரண்டு பேரும் சிரித்தார்கள், பிறகு அழுதார்கள், பிறகு ஹஜ்ஜுப் பெருநாள் கழித்துக் கலியாணம் என்று என்னைக் கேட்காமலே முடிவு செய்தார்கள். நான் போய் விளக்கைப் பற்றவைத்தேன். இப்போது அஸர் நேரம். உள்ளே விரல் வைக்க முடியாத குளிர், இரண்டு போத்தலும் பக்கத்தில் பக்கத்தில் நிற்கின்றன. ஹாஜறா ஊசியைப் போட்டுக்கொண்டு வந்து என் இடக்கன்னத்தைத் தடவிப் பார்த்தாள். "ஒரு பொட்டிக்காக அரைத் தாடி போச்சே" என்றாள்.

"தாடி போனா வளரும்" என்றேன். நீ போனா எனக்கு என்ன வளரும் என்று கேட்க வந்ததை, கராம்போடு சேர்த்து வாய்க்குள்ளேயே வைத்துக்கொண்டேன்.