கல்தூண் இளைத்த கதை

தலைவற்றிச் சாமியின் கூடத்தில் எள் போட்டால் எள் விழாது. சாமி கையில் அளவுக்கோடு போட்ட சிவப்பு நாடா. வீங்கிய தலையோடு வரும் குழந்தையை அளப்பார், ஊதுவார், மறுபடி அளப்பார். "ஒரு விரக்கடை வத்திடுச்சு!" கூட்டம் உருகும். குழந்தை மட்டும் வீறிடும். அதற்கு இன்னும் பக்தி வரவில்லை.

ஓர் இளம் தாயும் மகனை மடியில் போட்டுக் காத்திருந்தாள். டாக்டர் தெளிவாகத்தான் சொல்லியிருந்தார். மூளைக்குள் ஊறும் நீர் வடிகிற வாய்க்கால் இவனுக்குப் பிறவியிலேயே குறுகல். தேங்கிய நீர் மூளையை நெரிக்கிறது. அவள் வழியாக வந்த ஒரு மரபணுப் பிழைதான் காரணம். பெண்களிடம் பெரும்பாலும் சத்தமில்லாமல் இருந்துவிட்டு, அவர்கள் பெறும் ஆண் பிள்ளைகளில் சிலரைப் பிடிக்கும். உடனே குழாய் வைத்து நீரை வயிற்றுக்கு இறக்க வேண்டும்.

"உன் தம்பியும் இப்படித்தானேடி போனான்? உங்க வம்சத்துச் சாபம்," என்றாள் மாமியார். சாமியும் அதையே சொன்னார். மாமியார் வாசலிலேயே சீடனிடம் எல்லாம் ஒப்பித்திருந்ததால், ஞானக்கண் பளிச்சென்று திறந்துகொண்டது.

"கத்தி பட்டா பிள்ளை தங்காது," என்றார்.

கணவன் தலையாட்டினான். ஆபரேஷன் தள்ளிப்போனது.

போகும்போதெல்லாம் தலை வற்றியது, நாடாவில். வீட்டிலோ போன வாரம் போட்ட குல்லா ஏறவில்லை. பிள்ளை பாலைக் கக்கினான். கருவிழிகள் கீழே இறங்கிக் கிடந்தன.

அடுத்த முறை கூடத்தில், "சாமி, அந்தக் கல்தூணையும் ஒரு தடவை ஊதி அளங்களேன்," என்றாள் தாய்.

"தூணுக்கு என்னம்மா நோவு?"

"அதைத்தான் பாக்கலாம்னு."

பிள்ளையைக் கணவனிடம் கொடுத்து, நாடாவை வெடுக்கென்று பிடுங்கினாள். தூணைச் சும்மா சுற்றி அளந்தாள். ஊதினாள். இழுத்துப் பிடித்து அளந்தாள். கல்தூண் இரண்டு விரக்கடை இளைத்துவிட்டது!

"ஆகா, தூணுக்கே அருள்!" என்று கும்பிட்டார் பின்வரிசைக்காரர் ஒருவர்.

"அருள் இல்லைங்க, ரப்பர். இழுத்தா கோடு விலகும், அளவு குறையும். என்னங்க, நீங்களே இழுத்துப் பாருங்க."

கணவன் இழுத்தான். நாடா நீண்டது, அவன் முகம் சுருங்கியது. "கிளம்பு, ஆஸ்பத்திரிக்கு."

"சாபம்டா..." என்றாள் மாமியார்.

"மரபணு, அத்தை. அதுக்குக் காது கிடையாது, மந்திரம் கேக்காது."

சாமி பின்வாசலைத் தேடினார். பிள்ளை அன்றே ஆபரேஷனுக்குப் போனான். குழாய் மரபணுவைத் திருத்தாது. மூளைக்கு மூச்சுவிட இடம் கொடுக்கும்.

பெற்றவர்களே, பிள்ளையின் தலையை எவன் கையிலாவது கொடுக்குமுன் உங்கள் தலையைக் கொஞ்சம் செலவழியுங்கள். அது ஊதினால் வற்றாது. பயன்படுத்தாமல் போட்டு வைத்தால்தான் வற்றும்.