கிரேக்க ஓட்டலில் கை நனைத்த கதை

பெண் பார்க்கப் போன இடத்தில் பெண்ணைப் பார்க்காமல் தட்டைப் பார்த்தவன் நான். அதன் பலனை ஆறு வருடமாக அனுபவித்து வருகிறேன். (மனைவி இதைப் படிப்பாள். நல்ல பலன்தான் என்று இங்கேயே எழுதி வைத்துவிடுகிறேன்.)

எங்களுக்குச் சங்கராபுரம். எங்கள் பக்கத்தில் பெண் பார்க்கப் போனால் பலகாரம் சாப்பிடலாம், காபி குடிக்கலாம், சோற்றில் மட்டும் கை வைக்கக் கூடாது. வைத்தால் கை நனைத்தாயிற்று, சம்பந்தம் முடிந்தது. அதற்குப் பிறகு பின்வாங்கினால் ஊருக்குள் தலைகாட்ட முடியாது. இந்தச் சட்டத்துக்கு எங்கள் வீட்டு நீதிபதி, அம்மாவின் தம்பி முருகேசன் மாமா.

பெண்ணின் பெயர் தேன்மொழி. பூர்வீகம் களமருதூர், வேலை புதுச்சேரியில், அப்பாவோடு அங்கேயே வீடு. ஜாதகத்தோடு வந்த தாளில் ‘வீகன்’ என்று எழுதியிருந்தது. மாமா கண்ணாடியை ஏற்றிக்கொண்டு, அது எந்த ராசியில் வருகிறது என்று என்னைக் கேட்டார். பால், தயிர், நெய், முட்டை எதையும் தொடமாட்டாள் என்று விளக்கினேன். “அப்ப காபி?” என்று கேட்டுவிட்டுத் தன் காபி டம்ளரைக் கெட்டியாகப் பிடித்துக்கொண்டார்.

பஜ்ஜித் தட்டோடு வந்து நிற்க முடியாது, வெளியில் உட்கார்ந்து சாப்பிட்டபடி பேசலாம் என்று தேன்மொழி சொல்லிவிட்டாள். கடற்கரைப் பக்கம் ஒரு கிரேக்க ஓட்டல் இருக்கிறதாம். அங்கே ஒரு செட் மெனு, எல்லாமே வீகன், வரிசையாகக் கொண்டுவந்து வைப்பார்களாம். நான் உடனே சரி என்றேன். அன்று இரவே வீடியோ பார்த்து முள்கரண்டி பிடிக்கக் கற்க ஆரம்பித்தேன். மூன்று நாள் உப்புமாவைக் குத்திக் குத்திச் சாப்பிட்டதில் உப்புமாவுக்குத்தான் அலுத்துப்போயிருக்கும்.

மாமாவுக்கு வேறு கவலை. ஓட்டலுக்குப் போகும் நாளுக்கு மறுநாள் காலை பத்து மணிக்கு எலவனாசூர்கோட்டையில் இன்னொரு பெண்ணைப் பார்க்க அவர் ஏற்பாடு செய்திருந்தார். அவருடைய நண்பரின் மகள். இரண்டையும் பார்த்துவிட்டுத்தான் முடிவு என்று வாக்குக் கொடுத்திருந்தார். காரில் விழுப்புரம் தாண்டும்வரை அதையே சொல்லிக்கொண்டு வந்தார்.

“ஓட்டலா இருந்தா இன்னா? அவங்க கூப்ட்டு போடற சோறு, அவங்க வூட்டு சோறுதான். பலகாரம் எது வந்தாலும் துன்னு. சோறு வந்தா கைய எடுத்துடு. நீ கைய வெச்சா என் மானம் எலவனாசூர்ல போய்டும்.”

ஓட்டல் முழுக்க வெள்ளைச் சுவர், நீலக் கதவு. எங்களுக்கு முன்பே தேன்மொழியும் அவள் அப்பாவும் வந்திருந்தார்கள். நாங்கள் அம்மா, அப்பா, மாமாவோடு நான்கு பேர். அவள் என்னைப் பார்த்துச் சிரித்தாள். நான் முள்கரண்டியைப் பார்த்துச் சிரித்தேன்.

முதலில் ரொட்டியும் ஒரு வெளிர்மஞ்சள் விழுதும் வந்தன. மாமா விரலால் தொட்டு நக்கி, “சுண்டல அரைச்சிகினு வந்துக்கிறாங்க. பலகாரம்தான்” என்று அனுமதி வழங்கினார். அடுத்து ஆலிவ் காய். நாவல்பழம் என்று நம்பி ஒன்றை வாயில் போட்டுக் கடித்தேன், ஊறுகாய் உப்பு. கொட்டையை எங்கே துப்புவது என்று வீடியோவில் சொல்லவில்லை, விழுங்கிவிட்டேன். தேன்மொழி அதைப் பார்த்தாள். தண்ணீர் டம்ளரை என் பக்கம் நகர்த்தினாள். எனக்கு அவளைப் பிடித்துப்போனது அந்த இடத்தில்தான். ஆனால் கொட்டை தொண்டையில் இருக்கும்போது அதை எப்படிச் சொல்வது?

பருப்பு சூப் வந்ததும் மாமா உஷாரானார். “ரசம் வந்துட்ச்சி. அடுத்தது சோறுதான்” என்று என் காதில் கிசுகிசுத்தார். அந்த நேரம் பார்த்து அவர் போன் அடித்தது. எலவனாசூர்கோட்டை நண்பர். உள்ளே சரியாகக் கேட்கவில்லை என்று மாமா தெருவுக்குப் போனார்.

அவர் போனதும் அது வந்தது. விரல் நீளத்தில் பச்சை இலைச் சுருள்கள், ஆளுக்கு மூன்று, எண்ணெய் மினுக்கத்தோடு. எனக்கு நிம்மதியாக இருந்தது. எங்கள் ஊரில் ஓலையில் வைத்து அவிக்கும் கொழுக்கட்டை தெரியும். இதுவும் இலையில் அவித்த கொழுக்கட்டை, அவ்வளவுதானே. ஓலையை யாராவது தின்பார்களா? முள்கரண்டியை ஓரம்கட்டிவிட்டுக் கையால் சுருளைப் பிரித்தேன். உள்ளே எலுமிச்சை வாசனையோடு குழைந்த பருக்கைகள். கல்வராயன் மலையிலிருந்து வரும் சாமை மாதிரி இருக்கிறதே என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். (பசி வந்தால் நான் எதையும் நம்புவேன்.) மூன்று இலைகளையும் விரித்து, வழித்துச் சாப்பிட்டேன். பிறகு, சின்ன வயதிலிருந்து பந்தியில் பழகிய கை தானாகவே இலைகளை ஒவ்வொன்றாக என் பக்கம் பார்த்து மடித்தது.

உள்பக்கம் இலை மடித்தால் சாப்பாடு திருப்தி, உறவு தொடரட்டும் என்று பொருள். இது எங்கள் ஊரில் குழந்தைக்கும் தெரியும்.

மாமா திரும்பி வந்தார். என் தட்டைப் பார்த்தார். பரிமாறுபவரைக் கூப்பிட்டு, உள்ளே இருந்தது என்ன என்று கேட்டார். அந்தத் தம்பி பெருமையோடு சொன்னார்: “ரைஸ் சார். திராட்சை இலைல சுத்தினது. இலையோடவே சாப்பிடணும்.”

மாமா உதவி தேடி அம்மாவைப் பார்த்தார். அம்மா தட்டில் மூன்று இலைகள், உள்பக்கம் மடித்து. அப்பா தட்டிலும் மூன்று. படித்த பிள்ளை செய்தால் சரியாகத்தான் இருக்கும் என்று இருவரும் என்னைப் பார்த்தே சாப்பிட்டிருக்கிறார்கள். என்னை நம்பி அவர்கள் செய்த காரியங்களில் இது முதலாவதும் கடைசியும்.

அதுவரை என்னைத் ‘தம்பி’ என்று அழைத்துக்கொண்டிருந்த தேன்மொழியின் அப்பா எழுந்து நின்றார். கண் கலங்கியிருந்தது. “கை நனைச்சிட்டீங்க மாப்ள” என்றார்.

வாழை இலைதான் கணக்கு, திராட்சை இலையெல்லாம் செல்லாது என்று மாமா வாதாடிப் பார்த்தார். இலை என்றால் இலைதான் என்றார் அவர்.  தேன்மொழியை ஒரு வார்த்தை கேட்காமல், வயிறு நிறையத் தின்று அவள் வாழ்க்கையை முடிவு செய்துவிட்டேனே என்று அவமானமாக இருந்தது. “எனக்கு இது சோறுன்னு தெரியாதுங்க. அவங்களுக்கு இஷ்டம் இல்லன்னா இது கணக்கே இல்ல” என்று ஒருவழியாகச் சொன்னேன்.

தேன்மொழி தன் தட்டைப் பார்த்தாள். அவள் முறைப்படி இரண்டு சுருள்களை இலையோடு சாப்பிட்டிருந்தாள், ஒன்று மீதி இருந்தது. அதை எடுத்தாள், பிரித்தாள், உள்ளிருந்த சோற்றை மட்டும் கையால் சாப்பிட்டாள். வெறும் இலையைத் தட்டில் வைத்து, தன் பக்கம் பார்த்து மெதுவாக மடித்தாள்.

மாமா மறுபடி தெருவுக்குப் போனார். பையனுக்கு அம்மை போட்டிருக்கிறது என்று போனில் சொல்லிவிட்டார். மறுநாள் எலவனாசூர்கோட்டையிலிருந்து பாவம், ஒரு குலை இளநீரும் ஒரு கட்டு வேப்பிலையும் வந்து சேர்ந்தன.

இன்றைக்கும் எந்தக் கல்யாணப் பந்தியில் உட்கார்ந்தாலும் மாமா எதிர்வரிசையிலிருந்து, “டேய், இலைய முழுங்கிட்றா” என்று குரல் கொடுப்பார். பந்தியே சிரிக்கும். போன மாதம் கள்ளக்குறிச்சியில் ஒரு கல்யாணத்திலும் அப்படித்தான். கை கழுவப் போகும்போது தேன்மொழியைக் கேட்டேன், இலையோடு சாப்பிட வேண்டும் என்று அன்றைக்கே எனக்கு ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாமே என்று.

“சொல்லியிருக்கலாம்” என்றாள். “நீங்க சாட்சியையும் சேத்து தின்னுட்டு, காலைல எலவனாசூருக்குக் கெளம்பியிருப்பீங்க.”