நான்கு நுரையீரல் உள்ள வீடு

காகிதம் பேசினால் மனுஷன் வாயைப் பொத்திக்கொள்ள வேண்டியிருந்த ஒரு காலத்தில், ஒரு ஊரில், குடியிருப்பு வாரியம் கட்டிய வீட்டில் ஒரு தையல்காரி இருந்தாள். அவளுக்கு ஒரே மகள், ஆறு வயசு. அந்தப் பிள்ளைக்கு மூச்சு இழுப்பு. கட்டிலை ஒட்டிய வெளிச்சுவருக்குள் குழாய் கசிந்து, ஆளுயரத்துக்கு ஓதம் ஏறி, கறுப்பாய்ப் பூசணம் பூத்திருந்தது. "சுவரைக் காய வைங்க, இல்லேன்னா பிள்ளையை வேற இடத்துல வைங்க" என்று டாக்டர் கண்டிப்பாகச் சொல்லிவிட்டார்.

தையல்காரி வாரியத்துக்கு மனு எழுதினாள். வாரியமும் சும்மா இருக்கவில்லை. மனுவை மேலான கவனத்துடன் பரிசீலித்து, பதினோராம் நாள் ஒரு ஸ்டிக்கர் அனுப்பியது. புகார் எண் அச்சடித்த அந்த ஸ்டிக்கரைப் பாதிக்கப்பட்ட இடத்தில் ஒட்ட வேண்டும். அது ஒட்டினபடி நின்றால்தான் ஆய்வாளர் வருவார்.

ஒட்டினாள். விழுந்தது. துடைத்துவிட்டு ஒட்டினாள். ஊறிச் சுருண்டு விழுந்தது. வாரியத்துக்குப் போன் போட்டாள்.

"சுவர் ஈரமா இருக்கு சார், ஸ்டிக்கர் நிக்க மாட்டேங்குது."

"ஸ்டிக்கர் இல்லேன்னா புகாரே இல்லம்மா."

"ஈரம் போனாத்தானே சார் ஒட்டும்?"

"அப்ப போனதும் ஒட்டிட்டுச் சொல்லுங்க."

வேறு வழியில்லாமல் எதிர்ச்சுவரில், அலமாரிக்கு மேலே, காய்ந்த இடமாகப் பார்த்து ஒட்டினாள். பல்லி மாதிரி பிடித்துக்கொண்டது.

ஆய்வாளர் வந்தார். நாற்காலி மேல் ஏறி, ஈரம் பார்க்கும் கருவியை ஸ்டிக்கருக்குப் பக்கத்தில் வைத்தார். "சருகு மாதிரி காஞ்சு கிடக்கேம்மா!"

"ஈரம் இந்தப் பக்கம் சார். தொட்டுப் பாருங்க, சொட்டுது."

"அதுல ஸ்டிக்கர் இல்லையே. எந்த அடிப்படையில தொடறது?" சொல்லிவிட்டு லொக்கு லொக்கென்று இருமினார்.

"நீங்களே இருமுறீங்களே சார்!"

"இது என் சொந்த இருமல். வீட்டுல எத்தனை பேர்?"

"நானும் பொண்ணும்."

"ஆக, நாலு நுரையீரல்" என்று குறித்துக்கொண்டார். "மூச்சுக்காத்துல ஈரம் இருக்கும்மா. நாலும் ராப்பகலா வேலை செஞ்சா சுவர் என்ன பண்ணும் பாவம்? கொஞ்சம் குறைச்சுக்குங்க."

"அவளுக்கு வர்றதே பாதி மூச்சு சார்."

"பார்த்தீங்களா, பாப்பா ஒத்துழைக்குது!"

அப்போது ஊரில் 'நற்காற்று இல்லம்' என்று வாசலில் பலகை மாட்டுவதுதான் மோகம். வசதியானவர்கள் உள்ளே வாசனை மெழுகுவத்தி கொளுத்தி, அந்தப் புகையில் கண் கலங்க நின்று படம் எடுத்துக்கொண்டார்கள். வாரிய வீடுகளிலேயே ஸ்டிக்கர் நின்ற வீடு இது ஒன்றுதான் என்பதால், வாரியத்தின் பங்குக்கும் ஒரு பலகையை இதற்கே வழங்குமாறு உத்தரவாயிற்று.

பலகை தெருவிலிருந்து தெரிய வேண்டும் என்பது விதி. வெளிச்சுவரில் ஆணி அடித்தால் காரை பொலபொலவென்று உதிர்ந்தது. ஆணி நின்றது ஜன்னல் சட்டத்தில் மட்டும்தான். அளவும் கச்சிதம். வீட்டின் ஒரே ஜன்னலை அடைத்துக்கொண்டு பலகை பளபளத்தது. பலகையை மாட்டவைத்த ஆய்வாளரைச் சுற்றி அக்கம்பக்கம் கூடிக் கை தட்டியது.

"கொடுத்து வெச்சவம்மா நீ!" என்றாள் கீழ்வீட்டுக்காரி. "என் வீடும் ஊறித்தான் கிடக்கு. எனக்கும் ஒரு பலகை வராதா சார்?"

"காஞ்ச இடமாப் பார்த்து ஸ்டிக்கர் ஒட்டுங்கம்மா, வரும்."

உடனே ஸ்டிக்கர் கேட்டு ஒரு வரிசை நின்றது.

உள்ளே மகளின் நெஞ்சு விசிலடித்தது. தம்பி வீட்டுச் சமையலறையில் பாய் போட இடம் கேட்டு வைத்திருந்தாள் தையல்காரி. துணிமூட்டையைத் தோளில் மாட்டி, மகளைத் தூக்கி இடுப்பில் வைத்தாள்.

"பலகை வந்த நேரத்துல எங்கம்மா கிளம்பிட்டீங்க?" என்றார் ஆய்வாளர்.

"பிள்ளைக்கு மூச்சு வேணும் சார்."

அவர் முகம் மலர்ந்தது. நோட்டைப் பிரித்து, வாய்விட்டுச் சொல்லிக்கொண்டே எழுதினார்: "குடியிருப்போரின் நல்லொத்துழைப்பால் நான்கு நுரையீரல்களும் குறைக்கப்பட்டன. புகார் இனிதே முடிக்கப்பட்டது."

வரிசை மறுபடியும் கை தட்டியது. தட்டி முடித்ததும் மொத்தமாக இருமியது. தையல்காரி திரும்பிப் பார்க்கவில்லை. அந்த இருமல் காதில் விழாத தூரம் வரைக்கும் வேகவேகமாக நடந்தாள்.