அக்கா விளக்கி வைத்த குடுவை

ஷெபாய்கன், விஸ்கான்சின்
நவம்பர் 9

அன்புத் தம்பி வெர்னுக்கு அண்ணன் ஆர்வில் எழுதுவது. இங்கே நானும் என் புது முழங்காலும் நலம். அங்கே நீயும் அரிசோனா வெயிலும் ஒத்துப்போகிறீர்கள் என்று நம்புகிறேன்.

நீ அங்கே குடிபோனதிலிருந்து மூன்று வருடமாக நான் பீர் காய்ச்சவில்லை. தனியாக என்னத்தைக் காய்ச்சுவது? ஆனால் நாம் கடைசியாகக் காய்ச்சிய கடும்பீரின் அடிமண்டியை ஃப்ரிட்ஜ் மூலையில் ஒரு ஜாடியில் வைத்திருந்தேன். முப்பது வருடமாக ஒவ்வொரு தடவையும் அடுத்த தடவைக்கென்று எடுத்து வைத்தோமே, அதே ஈஸ்ட்.

போன வாரம் ஆசை வந்துவிட்டது. சாதா பீருக்குக் கொஞ்சம் ஈஸ்ட் போதும், நம்முடையதற்கு ஒரு படையே வேண்டும், அதனால் முதலில் அதை எழுப்பிப் பெருக்குவோம் என்று மால்ட் மாவைக் கரைத்துக் கொதிக்கவிட்டேன், நீ கராஜில் பொங்கவிட்டு என் செருப்பு தரையோடு ஒட்டிக்கொண்ட நாளை நினைத்துச் சிரித்துக்கொண்டிருந்ததில் இதுவும் பொங்கி அடுப்பெல்லாம் பாகு, துடைத்து, மிச்சத்தை ஆறவைத்து, குடுவையில் ஊற்றி, ஈஸ்டை விட்டு, அதைக் கலக்கிக்கொண்டே இருக்கப் பழைய கம்ப்யூட்டர் விசிறியில் நீ காந்தம் ஒட்டிச் செய்த சுழற்றிமேல் வைத்தால், அது ஆடின ஆட்டத்தில் குடுவை மேசை ஓரம்வரை நடந்தே போய்விட்டது, முழங்காலை மறந்து பாய்ந்து பிடித்தேன். இரண்டு நாள் ஒன்றுமில்லை. மூன்றாம் நாள் நுரை கட்டியது. வெர்ன், நம் ஈஸ்ட் உயிரோடுதான் இருந்தது!

ஈஸ்ட் அடியில் படியட்டும் என்று குடுவையை ஃப்ரிட்ஜில் வைத்தேன். என்னைப் பார்த்துக்கொள்ள வந்திருக்கும் லொரெய்ன் அக்காவைத்தான் உனக்குத் தெரியுமே. இன்று காலை பார்த்தால் குடுவை பளபளவென்று கவிழ்ந்திருக்கிறது, பக்கத்தில் ஒரு ஜக்.

"அடியில ஒரு விரக்கடைக்குச் சேறுடா. தெளிஞ்சத உனக்கு எடுத்து வெச்சிருக்கேன், குடி" என்றாள்.

அந்தச் சேறுதான் நம் ஈஸ்ட். கொட்ட வேண்டியதை எடுத்து வைத்து, வேண்டியதை விளக்கித் தள்ளிவிட்டாள். அக்காவைத் திட்டவா முடியும்? ஜக்கில் இருந்ததைக் குடித்தேன். நன்றாகவே இல்லை. பிறகு கராஜில் உட்கார்ந்து அழுதேன்.

நாம் 2009-இல் காய்ச்சி அடைத்த பீர்ப் புட்டி ஒன்று உன்னிடம் இருக்கிறதல்லவா? அதன் அடியில் கொஞ்சம் ஈஸ்ட் உயிரோடு இருக்கலாம். கம்பளிக் காலுறையில் சுற்றி அனுப்பு. நீ வர வேண்டாம், அவ்வளவு தூரம், உனக்கும் ஆயிரம் வேலை. புட்டி வந்தால் போதும்.

நீயும் உன் வீட்டுக்காரி ஜோனும் கள்ளிமுள் குத்தாமல் நீடூழி வாழ ஆசிகள்.

அண்ணன்,
ஆர்வில்

பி.கு.: தபால்தலை கேட்டேன், அக்கா கடிதத்தையே வாங்கிப் படித்துவிட்டாள். "சேறுன்னுதான சொன்னேன், கொட்டிட்டேன்னு யாருடா சொன்னா?" என்கிறாள். இந்தக் குடும்பத்தில் யார் எதைக் கொட்டியிருக்கிறார்கள்! ஜெரேனியம் தொட்டிக்கு உரமாகும் என்று காலி மார்ஜரின் டப்பாவில் போட்டு அடுப்போரம் வைத்திருக்கிறாள். போய்ப் பார்த்தால் மூடி கழன்று தரையில் கிடக்கிறது, டப்பா வழிய நுரை. அதனால் புட்டியை அனுப்பாதே. ஈஸ்ட் இருக்கிறது, அண்டாவின் இன்னொரு பக்கத்தைப் பிடித்துத் தூக்கத்தான் ஆள் இல்லை. வர வேண்டாம் என்று மேலே எழுதியது பொய். புட்டியை நீயே எடுத்துக்கொண்டு வா.