பூவாத்தாவின் சிவப்பு வாளி

ஒரு காட்டில் ஒரு கல்லூரி, அதற்கொரு பெண்கள் ஹாஸ்டல். பிள்ளைகள் நாற்பது, குளியலறை ஒன்று. அங்கே புதிதாகச் சேர்ந்திருந்தது பூவாத்தா என்கிற எருமை.

அன்று ஒன்பது மணிக்கு அதற்கு வாய்மொழித் தேர்வு. உடம்பில் சேறோடு போனால் நாரை வாத்தியார் உள்ளே விடமாட்டார். தேர்வு போனால் ஒரு வருஷம் போச்சு. அதனால் பூவாத்தா ஐந்து மணிக்கே எழுந்து, துண்டைத் தோளில் போட்டுக்கொண்டு, குளியலறை வாசலில் முதல் ஆளாய் நின்றது.

ஆறு மணிக்கு முயல் கண்ணைக் கசக்கிக்கொண்டு வந்தது. தன் வாளியை எருமைக்கு முன்னால் வைத்துவிட்டு மறுபடி தூங்கப் போனது. அடுத்து மான் வைத்தது. குரங்கும் வைத்தது.

"ஏன்டி, நான் ஒருத்தி நிக்கிறது கண்ணுக்குத் தெரியலயா?"

"தெரியுதுக்கா. வாளி எங்க?" என்றது குரங்கு.

"அதான் நானே நிக்கிறேனே."

"ஆள் நின்னா கணக்கில்லக்கா. இங்க வாளிதான் நிக்கணும்."

பூவாத்தா வார்டன் கரடியிடம் நியாயம் கேட்டது. கரடி பல் துலக்கிக்கொண்டே வந்து எண்ணியது. "ஒன்னு, ரெண்டு, மூணு. மூணு பேர்தான இருக்காங்க? இதுல உனக்கென்னம்மா பிரச்சினை?"

பூவாத்தா அறைக்கு ஓடி, அம்மா வாங்கிக் கொடுத்த சிவப்பு வாளியைத் தேடி எடுத்துவந்து வைத்தது. அதற்குள் வரிசை பதினேழு வாளி நீளம்.

அதன் முறை வந்தபோது ஒன்பதாக ஐந்து நிமிஷம். கூட இருந்த அறைத்தோழி அணில் சொன்னது: "நீங்க குழாய்லயே குளிச்சிக்கோங்கக்கா. நான் வாளியக் கொண்டுபோய் அங்க இடம் போட்டு வைக்கிறேன்."

ஹாஸ்டல் பிள்ளைக்குத் தெரிந்த வழி அதுதான்.

அணில் வாளியைத் தேர்வறை நாற்காலியில் வைத்துவிட்டு வெளியே நின்றுகொண்டது. நாரை மூக்குக்கண்ணாடியைத் துடைத்துப் போட்டுப் பட்டியலைப் பார்த்தது. வாளியைப் பார்த்தது. 'பூவாத்தா, முதலாம் ஆண்டு' என்று வெள்ளைப் பெயிண்டில் எழுதியிருந்தது. சரியாகத்தான் இருக்கிறது என்று மூன்று கேள்வி கேட்டது. வாளி அமைதியாக இருந்தது.

"இதுக்கு முன்னால வந்த குரங்கு தப்புத்தப்பா சொன்னதும் இல்லாம, என்கிட்டயே சண்டைக்கு நின்னுச்சு. இந்தப் பிள்ளை ஒரு தப்புகூடச் சொல்லல," என்று தொண்ணூறு மதிப்பெண் போட்டது நாரை.

ஈரம் சொட்டச் சொட்ட பூவாத்தா ஓடிவந்தது. "சார், நான் பூவாத்தா."

"பூவாத்தா தொண்ணூறு வாங்கி உட்கார்ந்திருக்கு. நீ யாரு?"

பூவாத்தா தன் உடம்பைத் திரும்பித் திரும்பிப் பார்த்தது. எங்கேயும் பெயர் எழுதியிருக்கவில்லை. தான் படித்திருந்த படிப்பையும் ஒருமுறை நினைத்துப் பார்த்தது. வாயைத் திறந்தால் நாற்பது வந்தாலே பெரிசு.

"அதோட அக்கா சார்," என்றது பணிவாக. "கூட்டிட்டுப் போக வந்தேன்."

நீதி: பிள்ளையை ஹாஸ்டலுக்கு அனுப்பும் தாய்மாரே, படிப்பை அப்புறம் பார்த்துக்கொள்ளலாம்; முதலில் நல்ல வாளியாக வாங்கி, அழியாத பெயிண்டில் பெயரை எழுதிவிடுங்கள்.